தணிகை மலையும் தணியாத அலையும்

திருத்தணிகையைப் பற்றி எழுத உட்கார்ந்தவன் கடற்கரையைப் பற்றி எழுதினால் நேயர்கள் நகைக்கக்கூடும். "கடல் எங்கே, தணிகை எங்கே? நடுவில் ஏறக்குறைய 50 மைல் கிடக்கிறதே! வாத்தியாருக்குப் பூகோளம் மறந்து போய்விட்டதா?" என்று கேட்கக்கூடும். மறந்து போகவில்லை. அந்தப் பூகோளத்தையே வருஷக்கணக்காகப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்து வருவதனால்தான் இந்த விஷயத்தை எடுத்துக்கொண்டேன். திருவள்ளூர் மாவட்டத்தின் படத்தை விரித்துப் பாருங்கள். மேற்கு ஓரத்தில் ஆந்திர எல்லையை ஒட்டித் திருத்தணி. கிழக்கு ஓரத்தில், அங்கும் ஆந்திர எல்லையை ஒட்டியே, பழவேற்காடு. ஒரு நுனியில் மலை தேய்கிறது. மறு நுனியில் கரை தேய்கிறது. இந்த இரண்டு தேய்வுக்கும் இடையில் ஓர் உறவு உண்டு.

முதலில் ஊரைப் பார்த்துவிடுவோம். அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டாவுக்குப் போகும் ரயில் பாதையில் 8 மைல் வந்தால் திருத்தணி. ரயிலில் இருந்தபடியே மலையும் கோபுரமும் கண்ணில் படும். அடிவாரத்தில் சரவணப் பொய்கை. அதைச் சுற்றிலும் மடங்களும் சத்திரங்களும். ஆடிக் கிருத்திகை வந்துவிட்டால் ஊர் முழுவதும் மஞ்சள் வேஷ்டியும் புஷ்பக் காவடியுமாக நிறைந்துவிடும். மலைக்கு ஏறப் படிகள் 365. வருஷத்தில் நாளுக்கு ஒரு படி என்று கணக்கு. டிசம்பர் 31ந் தேதி இரவு நடைபெறும் படித் திருவிழாவில் ஒவ்வொரு படியையும் பூஜித்து, பாடிக்கொண்டே ஏறுவார்கள். அடியார் கூட்டத்தில் நாமும் கலந்து ஏறினால் அத்தனை படிகளும் ஏறியதே தெரியாது.

எங்கள் ஊருக்கு வேறு பெருமைகளும் உண்டு. பாரத நாட்டின் குடியரசுத் தலைவராக விளங்கிய டாக்டர் ராதாகிருஷ்ணன் 1888ஆம் வருஷம் பிறந்த ஊர் இது. அவருடைய பிறந்த நாளை ஆசிரியர் தினமாகக் கொண்டாடுவதில், ஆசிரியனான எனக்குக் கொஞ்சம் அதிகப்படியான கர்வம் இருந்தால் மன்னிக்க வேண்டும். சித்தூர் ஜில்லாவில் இருந்த இந்த ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தது 1960ஆம் வருஷம் ஏப்ரல் 1ந் தேதி. ம. பொ. சிவஞானம் அவர்களும், தமிழாசிரியர் மங்கலங்கிழார் அவர்களும் அதற்காகப் பாடுபட்ட கதையை எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் உணர்ச்சியோடு சொல்வார்கள்.

ஆனால் நான் இப்போது சொல்ல வந்தது ஊரின் பெயரைப் பற்றி. திருச்செந்தூர்க் கடற்கரையில் சூரனோடு போர் புரிந்த முருகப்பெருமானின் சினம் தணிந்த இடம் ஆதலால் இது தணிகை என்பது ஸ்தல புராணம். மற்ற முருகன் கோயில்களில் ஐப்பசி மாதம் கந்த சஷ்டியன்று சூரசம்ஹாரம் நடக்கும். எங்கள் ஊரில் அது கிடையாது. சினம் தணிந்த இடத்தில் மறுபடியும் சண்டை எதற்கு? கடலோடு சண்டை, அலையோடு சமாதானம் என்ற இரண்டு வழிகளைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெயர்க் காரணம்தான் நினைவுக்கு வருகிறது.

மலைக் கோயிலுக்கு இருபுறமும் இரண்டு குன்றுகள் உண்டு. வடபுறத்துக் குன்று வெளுத்திருப்பதால் பச்சரிசி மலை. தென்புறத்துக் குன்று கறுத்திருப்பதால் பிண்ணாக்கு மலை. எங்கள் பாமர ஜனங்கள் வைத்த அழகான பெயர்கள்! அந்தப் பாறைகள் வெயிலில் வெடிக்கின்றன, மழையில் கரைகின்றன. உதிர்ந்த துகள் ஓடைகளில் இறங்கி நந்தியாற்றுக்கு வருகிறது. நந்தியாறு வருஷத்தில் பெரும் பகுதி மணலாகவே கிடக்கும் ஆறு. மழைக்காலத்தில் சில நாள் மட்டும் அதற்கு உயிர் வரும். அந்தச் சில நாளில் அது செய்யும் வேலை பெரியது. வருஷமெல்லாம் சேர்ந்த மணலை உருட்டிக்கொண்டு போய்க் கொசஸ்தலையாற்றில் சேர்க்கிறது. கொசஸ்தலையாறு பூண்டி வழியாக ஓடி எண்ணூரில் கடலில் விழுகிறது. மலையின் துகள் கடற்கரை மணலாக மாறுவது இப்படித்தான். கடற்கரை என்பது கடல் கொடுத்த சொத்து என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அது ஆறு கொடுத்த சொத்து.

ஆற்றின் மணல் எண்ணூரில் வந்து நின்றுவிடுவதும் இல்லை. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் வருஷத்தின் பெரும்பாலான மாதங்களில் அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதுகின்றன. ஒவ்வோர் அலையும் ஒரு பிடி மணலை எடுத்துச் சற்று வடக்கே வைக்கிறது. வடகிழக்குப் பருவக் காற்று வீசும் சில மாதங்களில் மணல் தெற்கே திரும்பும். ஆனாலும் வருஷக் கணக்கைக் கூட்டிக் கழித்தால் மணலின் யாத்திரை வடக்கு நோக்கியே. நாம் எல்லைக் கோடு போட்டோம். அது நியாயமான கோடுதான். ஆனால் மணல் அந்தக் கோட்டை அறியாது. தமிழ்நாட்டு ஆறுகள் கொண்டு வந்த மணல் ஆந்திரக் கரைக்கும் போகிறது; ஆந்திர மலைகளில் பிறந்த ஆரணியாறு தமிழ்நாட்டுப் பொன்னேரி வழியாக வந்து பழவேற்காட்டு ஏரியில் கலக்கிறது.

இந்த யாத்திரைக்கு இரண்டு விதமான இடையூறுகள் நேர்ந்தன. ஒன்று ஆற்றில், மற்றொன்று கடலில்.

பூண்டி நீர்த்தேக்கம் 1944ஆம் வருஷம் கட்டி முடிந்தது. சென்னைக்குக் குடிநீர் வேண்டுமென்று பாடுபட்ட தீரர் சத்தியமூர்த்தி அது நிறைந்ததைப் பார்க்காமலே 1943இல் காலமானார்; அவர் பெயரையே அதற்குச் சூட்டியிருக்கிறோம். சென்னை மாநகரத்தின் தாகத்தைத் தணித்த அந்த நீர்த்தேக்கத்தைக் குறை கூற எனக்கு நாவெழாது. ஆயினும், தேங்குகிற தண்ணீரில் மணல் அடியில் தங்கிவிடும் என்பது உண்மை. இது போதாதென்று ஆற்றுப் படுகையிலிருந்தே மணலை வாரி வீடு கட்டுகிறோம். தாய் வீட்டிலிருந்து சீர் வராத மருமகளைப் போலக் கடற்கரை மெலிகிறது.

கடலில் நேர்ந்த இடையூறு துறைமுகச் சுவர்கள். சென்னைத் துறைமுகத்தின் அலைதாங்கிச் சுவர்கள் 1870களில் கட்டத் தொடங்கப்பட்டன. வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் தடைப்பட்டுத் தென்புறத்தில் குவிந்தது. நாம் மாலையில் காற்று வாங்கி, சுண்டல் தின்று மகிழும் மெரீனா இத்தனை அகலமானது அப்படித்தான். ஆனால் அந்த மணல் எந்தக் கரைக்குப் போயிருக்க வேண்டும்? வடக்கே ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும். அந்த ஊர்களின் கரை அரித்துக்கொண்டே போயிற்று. மெரீனாவில் உட்கார்ந்திருப்பவர் ஒரு வகையில் ராயபுரத்தாரின் மணலில் உட்கார்ந்திருக்கிறார்! அரிப்பைத் தடுக்க வடசென்னையில் கருங்கல்லைக் கொட்டினார்கள். கடலுக்குள் நீளும் கல் வரிசைகளைக் கட்டினார்கள். 'தூண்டில் வளைவு' என்று அதற்குப் பெயர். பெயர் பொருத்தமானதே. அது மணலைத் தூண்டில் போட்டுப் பிடிக்கிறது. பிடித்த இடத்தில் லாபம். அதற்கு வடக்கே இருக்கும் ஊருக்கு நஷ்டம். பிறகு அந்த ஊரும் தூண்டில் வளைவு கேட்கும். அப்புறம் அதற்கு அடுத்த ஊர்.

புதுச்சேரியிலும் இதே கதை. 1980களின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தன; நகரத்துக் கடற்கரையின் மணல் போயிற்று; கல்லைக் கொட்டிச் சாலையைக் காப்பாற்றினார்கள்; அரிப்பு வடக்கே நகர்ந்து கோட்டக்குப்பம், பொம்மையார்பாளையம் என்று தமிழ்நாட்டுக் குப்பங்களின் வாசலைத் தட்டிற்று. தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரையுள்ள கரையின் மாற்றங்களை அளந்திருக்கிறது. நாட்டின் கடற்கரையில் 33.6 விழுக்காடு அரிப்புக்கு உள்ளானதாகவும், தமிழ்நாட்டில் அது 42.7 விழுக்காடு என்றும் அந்தக் கணக்கு சொல்கிறது. முருகன் போர் புரிந்த திருச்செந்தூரிலும், 2025ஆம் வருஷத் தொடக்கத்தில் கோயிலுக்கு எதிரே மணல் அரித்துப் பள்ளம் விழுந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள்.

இவையெல்லாம் சர்க்கார் விஷயங்கள். குடும்பஸ்தருக்கு இதில் என்ன வேலை என்று தோன்றலாம். வேலை இருக்கிறது. என் மனைவியின் தம்பி ஒருவருக்குப் பழவேற்காட்டுப் பக்கத்தில், உப்பங்கழியின் ஓரமாக, ஒரு சிறு தென்னந்தோப்பும் ஓட்டு வீடும் உண்டு. ஒவ்வோர் ஐப்பசி கார்த்திகையிலும் கழிக்கரை சில அடி சரிந்து விழுந்துகொண்டிருந்தது. மூன்று தென்னை மரங்கள் வேரோடு சாய்ந்தன. அவர் கல் சுவர் எழுப்பத் தீர்மானித்து, மேஸ்திரியையும் பேசிவிட்டு என்னிடம் யோசனை கேட்டார். தை மாதம் லீவு நாளில் போயிருந்தேன்.

பழவேற்காடு பார்க்கத் தக்க ஊர். டச்சுக்காரர்கள் 1613இல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டிய இடம். எலும்புக்கூடு செதுக்கிய அவர்களுடைய கல்லறை வாயில் இன்றும் நிற்கிறது. சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பாரத நாட்டின் பெரிய உப்பேரி இங்கேதான். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடப்பது ஒரு மெல்லிய மணல் வரப்பு. தெற்கே துறைமுகச் சுவர்கள் எழுந்த பிறகு அந்த வரப்பு சில இடங்களில் ஒடுங்கி வருகிறது. அது உடைந்தால் கடலும் ஏரியும் ஒன்றாகிவிடுமே என்பது செம்படவர்களின் கவலை.

நாங்கள் தோப்பில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மூதாட்டி வந்து நின்றாள். கணவனை இழந்தவள், கரையோரத்தில் இறால் உலர்த்தி விற்றுக் காலம் தள்ளுகிறாள். அவளுடைய முற்றம் தோப்பின் வேலிக்கு அடுத்து ஆரம்பமாகிறது.

"தம்பி, நீ கல்லுக் கட்டப் போறியாமே?" என்று கேட்டாள்.

"ஆமாம் பாட்டி. இல்லாவிட்டால் வீடே போய்விடும்" என்றார் மைத்துனர்.

"உன் வீடு நிக்கும். தண்ணி என் வூட்டுக்கு வரும். எனக்குக் கல்லு வாங்க ஏது காசு?"

மைத்துனர் என் முகத்தைப் பார்த்தார். "நிஜந்தானா மாமா?"

நிஜந்தான். இதை அந்த அம்மாள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கிறாள். செங்குத்தான சுவரில் மோதும் அலை தன் வேகத்தை இழப்பதில்லை. திரும்பி விழுந்து சுவரின் காலடி மண்ணைப் பறிக்கிறது. அதனால் சில வருஷங்களில் சுவருக்கு முன்னால் ஆழம் அதிகமாகி, சுவரே சரியத் தொடங்கும். சுவர் முடிகிற இடத்திலோ அலை வளைந்து பக்கத்து நிலத்தைத் தாக்குகிறது. மேலும், முன்பு தோப்பிலிருந்து சரிந்த மண் பக்கத்துக் கரைக்குப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது; சுவர் அதையும் நிறுத்திவிடும். ஒருவர் தன் சொத்தைக் காப்பதற்காக எழுப்பும் கல், அடுத்தவர் சொத்தைத் தின்னும் வாயாகிவிடுகிறது.

அப்படியானால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? இல்லை. திருத்தணி மலையின் படிகளை நினைத்துக்கொள்ளுங்கள். செங்குத்துப் பாறையில் ஏறச் சொன்னால் யாராலும் முடியாது. படிப்படியாக ஏறினால் குழந்தையும் ஏறும். அலையின் வேகத்தையும் அப்படித்தான் படிப்படியாக வாங்க வேண்டும். சரிவான கரையில் ஒரு முழம். சேற்றில் நிற்கும் செடிகளின் வேரில் ஒரு முழம். தண்டில் ஒரு முழம். கடைசியில் நிலத்தை வந்து தொடும்போது அலை வெறும் நீராக இருக்கும். இப்படிச் செடியும் சிப்பியும் மணலும் சேர்ந்து காக்கும் கரையை 'உயிர்க்கரை' என்று சொல்லலாம்.

அமெரிக்காவில் செசபீக் விரிகுடாவின் ஓரத்தில் 1970களிலேயே இந்த முறையைப் பரீக்ஷை செய்தார்கள். மேரிலாந்து மாகாணத்தில் 2008ஆம் வருஷம் ஒரு சட்டமே செய்தார்கள். கரையை வைத்திருப்பவர், செடியால் காக்க முடியாத இடம் என்று காட்டினாலொழியச் சுவர் கட்டக் கூடாது என்பது அதன் சாரம். வட கரோலினாவில் 2011இல் ஐரீன் என்ற புயல் அடித்த பிறகு போய்ப் பார்த்தபோது, பல தடுப்புச் சுவர்கள் சேதமாகியிருந்தன; சதுப்பு நிலப் புல் வளர்ந்த கரைகளில் மண் அநேகமாக அப்படியே இருந்தது. சாய்ந்த புல் நிமிர்ந்துகொள்ளும். சாய்ந்த சுவர் நிமிராது.

மேல்நாட்டார் சொன்னால்தான் நம்புவோம் என்பதில்லை. இது நமக்குப் புதிதும் அல்ல. நம் முன்னோர் நெய்தல் நிலத்தைப் பாடும்போது புன்னை, தாழை, அடும்பு, கண்டல் என்று வரிசையாகச் சொன்னார்கள். நற்றிணையில் ஒரு தலைவி புன்னை மரத்தைத் தன் உடன்பிறந்தாளாகவே எண்ணுகிறாள். அவை வெறும் அலங்காரம் அல்ல. அடும்பங்கொடி மணலின் மேல் நீளமாக ஓடி வலை போல் பின்னிக்கொள்கிறது. இராவணன் மீசை என்ற முள்ளுப் புல், காற்றில் பறக்கும் மணலைத் தடுத்துத் தன்மேல் குவித்துக்கொள்கிறது. புதைந்த கணுவிலிருந்து மறுபடி வேர்விட்டு மேலே எழும்புகிறது. புதையப் புதைய வளரும் செடி! மணல்மேடு உண்டாவது அதனால்தான். அதற்குப் பின்னால் தாழை. அதற்கும் பின்னால் புன்னையும் பனையும். இப்படி நமக்குக் கோட்டையும் அகழியும் இயற்கையே கட்டி வைத்திருந்தது.

நாகப்பட்டினம் மாவட்டத்து நாலுவேதபதி கிராமத்தாரை இங்கே நினைக்க வேண்டும். 2002ஆம் வருஷம் டிசம்பரில் ஒரே நாளில் 80,244 மரக்கன்றுகளை நட்டு உலக சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றார்கள். இரண்டு வருஷத்துக்குப் பின், 2004 டிசம்பர் 26ந் தேதி சுனாமி வந்தபோது, அந்த மரங்கள் ஊருக்குக் கேடயமாக நின்றன என்று அவர்கள் சொல்கிறார்கள். கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்து 2005இல் 'சயன்ஸ்' பத்திரிகையில் எழுதிய விஞ்ஞானிகளும், மரங்களுக்குப் பின்னால் இருந்த கிராமங்களில் சேதம் குறைவு என்றார்கள். வேறு சில விஞ்ஞானிகள், மரத்தைவிட ஊரின் உயரமும் கடலிலிருந்து உள்ள தூரமுமே முக்கியம் என்று மறுத்தார்கள். இரண்டையும் பையன்களுக்குச் சொல்கிறேன். மரம் எதையும் தடுத்துவிடும் என்று நம்பிக் கடலுக்குள் வீடு கட்டக் கூடாது. தூரமும் ஒரு பாதுகாப்பு.

ஒரு செடியை எங்கே வேண்டுமானாலும் நட்டுவிடலாம் என்பதும் தவறு. உப்பங்கழி, ஏரி, ஆற்று முகம் போன்ற அமைதியான நீர்க்கரைக்கே அலையாத்திச் செடிகள் ஏற்றவை. பேரலை புரளும் திறந்த கடற்கரையில் அவற்றை நட்டால் அடுத்த நாளே அலை கொண்டு போகும். அங்கே மணல்மேடும் அடும்பும்தான் காவல். நெடுநாள் அரித்துவிட்ட இடத்தில் அவையும் போதா. புதுச்சேரியில் செய்ததைப் போல நீருக்குள் அமிழ்ந்த திட்டு அமைத்து மணலைச் சேர்ப்பது போன்ற பெரிய வேலைகளைச் சர்க்கார்தான் செய்ய வேண்டும். சவுக்கு விரைவாக வளரும் என்று நீரோரம் வரை நெருக்கி நடுவதும் சரியல்ல. அதன் நிழலிலும் உதிர்ந்த சருகிலும் அடும்பு மடிந்துபோகும். தை, மாசியில் முட்டையிட வரும் ஆமைகளுக்கு இடமிராது.

இலங்கையில் சுனாமிக்குப் பிறகு உற்சாகத்தோடு அலையாத்திக் கன்றுகளை நட்டார்கள். 23 இடங்களைப் போய்ப் பார்த்து 2017இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 9 இடங்களில் ஒரு கன்றுகூட மிஞ்சவில்லை என்று கண்டார்கள். இடமறியாமல் நட்டதும், நட்டபின் பார்க்காமல் விட்டதும் காரணங்கள். பிச்சாவரத்தில் நேர்ந்ததோ இதற்கு நேர்மாறு. மரங்களை மொத்தமாக வெட்டிய காலத்தில் காய்ந்த நிலம் தாழ்ந்து பள்ளமாயிற்று. புகுந்த உப்பு நீர் வடியாமல் தேங்கி, உப்பு ஏறி எதுவும் முளைக்கவில்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், வனத் துறையோடும் கிராமத்தாரோடும் சேர்ந்து, மீன் முள் வடிவத்தில் வாய்க்கால்கள் வெட்டினார்கள். ஓதம் ஏறி இறங்க வழி கிடைத்தது. அதன் பிறகு நட்ட கன்றுகள் பிழைத்தன. நீர் போக்கை அறிந்துகொண்டவனுக்கே மரம் வளரும்.

இதையெல்லாம் சொல்லி, மைத்துனரிடம் நான் கூறிய யோசனைகளைக் கரையோரத்தில் நிலமுள்ள நேயர்களுக்கும் பயன்படுமென்று இங்கே எழுதுகிறேன்.

முதலாவது, ஒரு வருஷம் கரையைக் கவனியுங்கள். ஓதம் எதுவரை ஏறுகிறது, எந்த மாதத்தில் எந்த மூலை சரிகிறது என்று குச்சி நட்டுக் குறித்து வையுங்கள். அரிப்பு அலையால் வருகிறதா, உங்கள் முற்றத்து மழை நீர் ஒரே இடத்தில் பாய்வதால் வருகிறதா என்பது தெரியும். இரண்டாவது, செங்குத்தாக நிற்கும் கரையைச் சரிவாக்குங்கள். மூன்றாவது, சரிவின் காலடியில் தென்னை நார் உருளைகளையோ, வலைப் பையில் கட்டிய சிப்பி ஓடுகளையோ வரிசையாக வைத்து இடையிடையே வழி விடுங்கள். வேர் பிடிக்கும்வரை அவை அலையை அடக்கும். நான்காவது, ஓதம் நனைக்கும் சேற்றில் வெண்கண்டலும் சுரபுன்னையும், அதற்கு மேலே உமரியும் தில்லையும், உலர்ந்த மேட்டில் பூவரசும் பனையும் நடுங்கள். தில்லை என்றால் சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த அதே மரந்தான். அதன் பால் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்தாவது, படகு ஏறி இறங்கும் துறையை அடைக்காதீர்கள். செம்படவருக்கு வழியில்லாத கரை ஊருக்குப் பகையாகும். ஆறாவது, சட்டத்தைக் கேளுங்கள். கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை முதலில் 1991இலும், பின்னர் திருத்தமாக 2011இலும் 2019இலும் வந்திருக்கிறது. மணல்மேட்டைச் சமன் செய்வதும் அலையாத்தியை வெட்டுவதும் குற்றம். எந்தக் கட்டுமானத்துக்கும், கரையைத் திருத்தும் வேலைக்கும், முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டும். ஏழாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, பக்கத்து நிலத்தாரைக் கூட்டிக்கொண்டு செய்யுங்கள். கரையில் வேலி போடலாம். கரைக்கு வேலி போட முடியாது.

மைத்துனர் அரை மனதோடுதான் ஒப்புக்கொண்டார். உரிய இடத்தில் அனுமதி பெற்று, மூதாட்டியின் முற்றத்தையும் சேர்த்து நூறு அடி நீளத்துக்கு வேலை செய்தார். அவளுக்குச் செலவு இல்லை, காவல் அவளுடையது. முதல் வருஷம் நண்டும் ஆடும் பாதிக் கன்றுகளைத் தின்றுவிட்டன. மறுபடி நட்டார்கள். ஆடுகளை விரட்டும் பொறுப்பைப் பாட்டி ஒரு கோலும் கையுமாக ஏற்றுக்கொண்டாள். இரண்டு மழைக்காலம் போயிருக்கிறது. தோப்பின் ஒரு மூலையில் மட்டும் இன்னும் சிறிது சரிவு இருக்கிறது. மற்ற இடத்தில் வேர்களுக்கு நடுவே சேறு படிய ஆரம்பித்து, இறால் குஞ்சுகள் வந்து தங்குகின்றன. "கல்லுச் சுவரு இறால் போடுமா?" என்று பாட்டி கேட்டதாக மைத்துனர் சொன்னார். எந்தச் சுவரும் பழையதாகப் பழையதாகத் தளரும். இந்தக் கரை வருஷத்துக்கு வருஷம் பலம் பெறும்.

ஆயினும் நூறு அடிக் கரையைக் காத்ததனால் பழவேற்காட்டைக் காத்ததாக ஆகிவிடாது. அந்த நூறு அடிக்கும் மேலிருந்து மண் வர வேண்டும். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியபோது, அங்கேயிருந்த அலையாத்திச் செடிகளின் வேரெல்லாம் கறுத்துப் போயின. மேலே ஆற்றில் விடும் ஒவ்வொன்றும் கீழே கரையில் வந்து நிற்கிறது. மேலே ஆற்றிலிருந்து எடுக்கும் ஒவ்வொன்றும் கீழே கரையில் குறைகிறது.

ஆதலால் இந்த விஷயம் கடலோரத்தில் நிலம் வைத்திருப்பவர்களோடு முடிவதில்லை. பச்சரிசி மலையின் துகளைச் சுமந்து செல்லும் நந்தியாற்றின் மணலை அள்ளாமல் விட்டுவைப்பதும், அதன் கரையில் நாணலும் மரமும் நிற்கும்படி பார்த்துக்கொள்வதும், குப்பையை அதில் கொட்டாமலிருப்பதும் எங்கள் ஊராரின் கடமை. எங்கள் பிள்ளைகள் கடலைக் கண்டிராமல் இருக்கலாம். ஆனால் கடற்கரையின் விதை அவர்கள் காலடியில் கிடக்கிறது. 365 படி ஏறித் தணிகைமலையானைத் தரிசிக்க வருகிற நேயர்கள், இறங்கும்போது ஒரு நிமிஷம் நின்று கிழக்கே பாருங்கள். கடல் தெரியாது. ஆனால் அங்கே ஒரு மூதாட்டி கையில் கோலோடு ஆட்டை விரட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு வேண்டிய மண் இங்கிருந்துதான் போக வேண்டும்.